வாழையா, வாளையா?

யாழ்ப்பாணத்தில் விடுகதைக்கு நொடி என்று பேர். அம்மம்மா ஒரு நொடி போட்டால், அவிழ்க்கும்வரை பேரப்பிள்ளைகள் பாயை விட்டு எழும்பமாட்டார்கள். சொல்லோடு விளையாடவிட்டால் பிள்ளைக்குத் தமிழ் இனிக்கும் என்ற நம்பிக்கைக்கு அந்தப் பாயே சாட்சி. ஆனால் இனிப்பதும் கைவருவதும் ஒன்றல்ல.

ஒவ்வொரு அசைக்கும் முன் 'க' சேர்த்துப் பேசும் இரகசியப் பேச்சைப் பாருங்கள். 'வாறன்' என்பது 'கவாகறன்' ஆகும். சொல்லைக் காதாலேயே அசை அசையாக அறுக்காமல் அப்படிப் பேச முடியாது. சிறுவருக்குப் பாட்டு எழுதிய நவாலியூர் சோமசுந்தரப் புலவரைத் 'தங்கத் தாத்தா' ஆக்கியதும் இந்தச் செவிச்சுவைதான். அவர் பாடிய ஆடிப்பிறப்பின் கூழும் கத்தரித் தோட்டத்து வெருளியும் பிள்ளை அன்றாடம் கண்டவை. அவற்றைப் புதிதாக்கியது ஓசை.

குறையும் அந்த ஓசையிலேயே இருக்கிறது. யாழ்ப்பாண வாயில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். "கிணற்றடியிலை வாளை நிக்குது" என்றால், மீன் எப்படித் தரையில் நிற்கும் என்று பிள்ளை சிரிக்கும். அதே சிரிப்பு சொல்வதெழுதல் கொப்பியில் சிவப்புக் கோடாகிவிடும். மாறாக, 'கற்று', 'கத்து' இரண்டையும் ஒன்றாக்கிச் சென்னையில் பகிடி விடலாம்; இரண்டையும் வேறுவேறாக ஒலிக்கும் யாழ்ப்பாணத்தில் அது எடுபடாது. ஆகவே வெளியூர்ப் புத்தகத்துச் சொல் விளையாட்டை அப்படியே வகுப்புக்குள் இறக்குவதில் பயன் குறைவு. நாக்கைச் சுழற்றும் ழகரப் பயிற்சியோ, கவனமில்லாமல் நடத்தினால், வீட்டுப் பேச்சே பிழை என்று பிள்ளையை நம்பவைத்துவிடும்.

இன்னொரு முகமும் உண்டு. சொல்லைத் திரிக்கப் பழகிய வாய், பக்கத்து வாங்கில் இருப்பவனின் பெயரையும் திரிக்கும். பட்டம் தெளிப்பதும் சொல் விளையாட்டுத்தான், சிரிப்பவருக்கு மட்டும். மேடையில் இதற்கு நேர்மாறு: தமிழ்த்தினப் போட்டிக்காகப் பாடமாக்கிய பாட்டில் அபிநயம் பிசகாது, ஆனால் பிள்ளை தானாக ஒரு சொல்லையும் புரட்டிப் பார்த்திருக்காது.

எனவே விளையாட்டைக் கைவிட வேண்டியதில்லை. பாதியில் நிறுத்தாமல் இருந்தால் போதும். வாய் குழப்பியதைக் கை பிரிக்கட்டும். சிரித்து முடிந்ததும் கொப்பியைத் திறந்து எழுதவிடுங்கள்: குலை போட்டால் வாழை, வலை போட்டால் வாளை. அடுத்த சோடிச் சொற்களுக்குப் பிள்ளையே வரி கட்டும்.