வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம்: கட்டட அமைப்பும் சமூக வரலாறும்

தமிழகக் கத்தோலிக்க ஆலயங்களின் கட்டடக்கலையை ஆராய்வோர் பெரும்பாலும் முகப்பு, கோபுரம், வளைவு ஆகியவற்றைக் கொண்டு அவற்றை ஐரோப்பியப் பாணிகளுள் வகைப்படுத்துவர். இம்முறை எல்லா ஆலயங்களுக்கும் பொருந்துவதன்று. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் இதற்குத் தக்க சான்றாகும்.

திருவிதாங்கூர் எல்லையை அடுத்த இவ்வூர் பழமையான கிறித்தவக் குடியிருப்பாகும். மார்த்தாண்டவர்மர் ஆட்சியில் அரசுப் பணியாற்றிய நீலகண்டபிள்ளை, 1745இல் இங்குத் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். திருவிதாங்கூர் அரண்மனையோடு தொடர்புடைய ஒருவர் எல்லை கடந்து வந்து சமயம் மாறிய ஊர் என்ற சிறப்பு இதற்கு உண்டு.

அவ்வூரில் 1872இல் எழுந்த ஆலயம் ஒரே பலிபீடத்தையும் இரு நடுக்கூடங்களையும் கொண்டது. ஒரு கூடம் வேளாளர்க்கும் மற்றொன்று நாடார்க்கும் உரியதாயிற்று. இவ்வமைப்பைக் கால்சட்டையின் இரு கால்களுக்கு ஆய்வாளர் ஒப்பிடுவர். பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரு கூடங்களும் தெரியும். கூடத்தில் நிற்பவர்க்கோ பீடம் தெரியுமேயன்றி அடுத்த கூடத்தார் தெரியார். இறையியல் வலியுறுத்தும் ஒருமை பீடத்திலும், சமூகம் வலியுறுத்திய வேற்றுமை தரையமைப்பிலும் இடம்பெற்றன. ஆகவே இங்குச் சுவர் என்பது கட்டட உறுப்பு மட்டுமன்று. இரு தரப்பாரிடையே நிகழ்ந்த உடன்பாட்டின் பதிவுமாகும்.

1910இல் பங்குக்குருவாயிருந்த பிரெஞ்சு இயேசு சபையினர் கௌசானல் அடிகளார் அச்சுவரை அகற்றினார். தனியிடம் தமது உரிமை எனக் கோரியோர் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. அவ்வுரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. திருவிதாங்கூரில் ஆலய நுழைவுப் பிரகடனம் வெளியானது 1936இல் என்பதை இங்கு ஒப்புநோக்கலாம். அங்கு வழக்காறு தடுத்தது நுழைவை. இங்கு நுழைவு உண்டு, உடன் நிற்றலே இல்லை. விலக்கு என்பது வாயிலில் மட்டும் நிகழ்வதன்று என்பதை வடக்கன்குளம் உணர்த்துகிறது.

முகப்பை மட்டும் வருணிக்கும் ஆய்வு இவ்வரலாற்றைக் காணாது. யார் எங்கு நின்றனர், யாரை யார் காண இயலவில்லை என்னும் வினாக்களும் ஆலயக் கட்டடக்கலை ஆய்வில் இடம்பெற வேண்டும். இடிக்கப்பட்ட சுவரும் ஆய்வாளர்க்குச் சான்றே எனலாம்.