மேஸ்திரியின் கண் தராசு

பந்தயக் காருக்கு நான்கு சக்கரத்தின் அடியிலும் தனித்தனித் தராசு வைத்து எடை பார்ப்பார்கள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுமந்து ஒரு பக்கம் தொய்ந்துபோன லாரிக்கு, பெரம்பலூர் நெடுஞ்சாலையோரப் பட்டறை மேஸ்திரியின் கண்தான் தராசு.

சென்டர் போல்ட் கழன்றதும் ஸ்பிரிங் பிளேட்டுகள் துருப்பொடி உதிர்த்துப் பிரிகின்றன. வளைவு இழந்ததை அடைகல்லில் கிடத்தி, விரற்கடை விரற்கடையாக நகர்த்திச் சம்மட்டி போடுகிறார்கள். ணங், ணங். அவசரப்பட்டு ஒரே இடத்தில் அடித்தால் வளைவு ஒடிந்து நிற்கும். மெயின் பிளேட்டைவிட அதன் கீழ்ப் பிளேட் நூலளவு கூடுதலாக வளைந்திருக்க வேண்டும். போல்ட்டை இறுக்கும்போதுதான் இரண்டும் கட்டிக்கொள்ளும். இந்த நூலளவில்தான் கைத்திறன் அத்தனையும்.

ஜாக்கி இறங்குகிறது. லாரி ஒருமுறை முனகி உட்காருகிறது. மேஸ்திரி பத்தடி பின்னால் போய்க் குந்தி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கிறார்.