கூண்டும் எண்ணும்

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தி, ஐப்பசி கார்த்திகை மாதங்களில் இராமநாதபுரம் சீமை மக்கள் பத்திரிகைகளில் வாசித்து வாசித்துப் பழகிய விஷயமே எனினும், அந்தக் கூண்டும் ஒருவகைத் தொழில்நுட்ப எழுத்தே என்று எண்ணிப் பார்ப்பது வழக்கமில்லை. பகலில் கூம்புகளாலும் உருளைகளாலும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளாலும் எழுதப்படும் 11 வாக்கியங்கள் அவை. எழுதுபவருக்கு அவற்றில் ஒன்றைக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரமில்லை. இயந்திரக் கையேடு தயாரிப்பவராயினும் அலுவலக அறிக்கை வரைபவராயினும், விதிக்குக் கட்டுப்பட்டு எழுதுவோர் யாவரும் இத்தகைய நிர்ப்பந்தத்தை நொந்துகொள்வது இயல்பு. அந்த நோவில் எவ்வளவு நியாயம் உண்டு என்பதைப் பாம்பன் கூண்டை வைத்தே பரிசீலிக்கலாம்.

முதலில் விதியின் பக்கம் நிற்போம். இந்தியத் துறைமுகங்கள் யாவற்றுக்கும் ஒரே குறிமுறை 1898-இல் ஏற்பட்டதனால், கல்கத்தாவில் குறியைப் படிக்கக் கற்ற மாலுமி பாம்பனிலும் அதைப் படித்துவிடுகிறான். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் புயல், 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று வரம்பு கட்டியிருப்பதால், அறிக்கை எழுதுபவரின் அச்சமோ அலட்சியமோ சொல்லில் புகுவதற்கு இடமில்லை. எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, அபாயம் உண்டென்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே 11-ஆம் குறியின் பொருள். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டு, பாம்பன் பாலமும் சிதைந்து, இராமேசுவரம் தீவு வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்ததை நினைப்பவர், செய்தி வராமையையும் ஒரு செய்தியாக்கிய அந்த விவேகத்தை மெச்சாதிருக்க முடியாது.

ஆயினும் 5, 6, 7 ஆகிய எண்களில் விதி தடுக்கி விழுகிறது. எண் ஏற ஏற அபாயமும் ஏறும் என்றே கேட்பவர் கொள்வர். அம்மூன்றுமோ ஒரே தரத்து அபாயம். புயல் செல்லும் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் அமையுமானால் 5, வலப்புறம் அமையுமானால் 6, புயல் துறைமுகத்தின் மீதோ வெகு அருகிலோ கடக்குமானால் 7; பெரும் அபாயத்துக்கு இதே வரிசை 8, 9, 10 என மீள்கிறது. இந்தப் பாகுபாடு வெறும் சம்பிரதாயமன்று. கிழக்கிலிருந்து வரும் புயல் தீவுக்கு வடக்கே கடந்தால் கச்சான் என்னும் மேல்காற்றும், தெற்கே கடந்தால் கொண்டல் என்னும் கீழ்க்காற்றும் ஓங்கும். ஒருபுறம் பாக் கடலும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் சூழ்ந்த இராமேசுவரத்தில், நாட்டுப்படகை எங்கே ஒதுக்கிக் கட்டுவது என்ற தீர்மானம் காற்றின் திசையையே சார்ந்தது. இத்தனை பிரயோஜனமான ஞானம் எண்ணுக்குள் ஒடுங்கிக் கிடக்க, கரைக்கு வந்து சேர்வது ‘5-ஆம் எண் கூண்டு’ என்ற வெற்றொலிதான்.

கப்பல் தலைவனுக்காக வகுத்த குறியை மீன்பிடிப்பவன் படிக்க நேர்ந்த காலத்திலும், வாசகன் மாறியதை விதி அறியவில்லை. பொருள் தெரிந்தும் விளக்க இடமின்றி எண்ணை மட்டும் அறிவிப்பவரின் மனக்கசப்பு இங்கே நியாயமானதே. ஆனால் விதியையே உதறிவிட்டால், முன் சொன்ன நன்மைகளும் அதனோடு போய்விடும். கூண்டின் எண்ணை அறிவிக்கும் எவரும், அதனால் எதிர்பார்க்கத்தக்க காற்றின் திசையையும் ஒரு வரியில் சொல்லியாக வேண்டும் என்று ஒரு விதி சேருமானால், பழைய விதி எதையும் நீக்க வேண்டியதில்லை. விதிகளால் அலுத்த எழுத்தாளர் கோர வேண்டியது, இன்று படிப்பவனைக் கணக்கில் கொண்ட அத்தகைய இன்னொரு விதியையே.