பிரித்தானியக் குடியுரிமைக் கையேடும் நன்னூல் காட்டும் குற்றங்களும்

ஒரு நூலின் தகுதியை அதன் பயனைக் கொண்டு அளத்தல் தமிழ் மரபு. காப்பியத்திற்கும் இலக்கணத்திற்கும் மட்டுமன்றி, அரசு வெளியிடும் கையேட்டிற்கும் அவ்வளவுகோல் பொருந்தும். பிரித்தானியாவில் நிரந்தரமாகத் தங்க விரும்புவோரும் குடியுரிமை நாடுவோரும் கற்றாக வேண்டிய ‘ஐக்கிய இராச்சியத்தில் வாழ்க்கை’ என்னும் கையேடு அத்தகையதொரு நூலாகும். 18 முதல் 64 வயது வரையுள்ளோர் அதனைப் படித்துத் தேர்வெழுதுகின்றனர். வினாக்கள் 24, காலம் 45 நிமிடம், 18 விடைகளேனும் சரியாக அமைதல் வேண்டும். தவறியவர் மீண்டும் 50 பவுன் கட்டி எழுதலாம். ஆயினும் தேறும்வரை விண்ணப்பம் நகராது. ஆண்டுக்கணக்கில் அந்நாட்டில் உழைத்து வரி செலுத்தியவர்க்கும் விதி இதுவே. ஆதலின் இந்நூலின் குறைகளை ஏட்டளவிலான குறைகள் எனத் தள்ளிவிட இயலாது.

அரசியல் அறிஞர் பெர்னார்ட் கிரிக் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையை ஒட்டி முதற்பதிப்பு 2004இல் வெளிவந்தது. ஜார்ஜ் ஆர்வெலின் வாழ்க்கை வரலாற்றை 1980இல் எழுதியவரும் இவரே. 2005 நவம்பரில் தேர்வு தொடங்கியபோது, நூலில் வரலாற்று இயல் இருந்தும் அதிலிருந்து வினா எழுப்பப்படவில்லை. 2007இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் அந்நிலை நீடித்தது. வீடு, மருத்துவம், பள்ளி, வேலை பற்றிய இயல்கள் தேர்வுக்குரியனவாயின.

2013இல் வந்த மூன்றாம் பதிப்பு இம்முறையைத் தலைகீழாக்கிற்று. நீர்மானி, இரயில் நேர அட்டவணை போன்ற அன்றாடச் செய்திகளை நீக்கிவிட்டதாக அந்நாளைய குடிவரவு அமைச்சர் மார்க் ஹார்ப்பர் அறிவித்தார். அவ்விடத்தில் மன்னரும் போர்களும் கவிஞரும் குடிபுகுந்தனர், அனைத்தும் தேர்வுக்குரியன. அமெரிக்காவிலிருந்து குடியேறித் தாமே இத்தேர்வெழுதிய டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாம் புரூக்ஸ், அவ்வாண்டே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். குற்றத்தை முறையிடுவது எவ்வாறு, ஆம்புலன்சை அழைப்பது எவ்வாறு என்பன விடுபட்டுப்போக, ‘லண்டன் கண்’ இராட்டினத்தின் உயரம் 443 அடி என்பது இடம்பெற்றமையை அவர் எடுத்துக்காட்டினார். நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் ஒரே நூலில் ஒருங்கே அமைதல் அரிது. இங்கு அமைந்துள்ளன. உயிருக்கு இடர் நேர்ந்த வேளையில் இராட்டினத்தின் உயரம் எதற்கு உதவும்? நின்று பயனின்மை என்பதும் உடன்சேர்கிறது.

நூலில் இடம்பெறும் இந்தியர் ஒருவரை நோக்குவோம். 1759இல் பிறந்த ஷேக் தீன் முகம்மது, 1810இல் லண்டனில் முதல் இந்திய உணவகத்தைத் திறந்தவராகவும், தலையைப் பிடித்துவிடும் கலையை அறிமுகம் செய்தவராகவும் போற்றப்படுகிறார். அவரே 1794இல் தம் பயண நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டு, அம்மொழியில் நூலெழுதிய முதல் இந்தியர் என அறியப்படுபவர். அதனைக் கையேடு சொல்லாது விட்டது. சமையலும் உடல்பிடித்தலும் நினைவில் நிற்க, எழுத்து மறக்கப்பட்டமை தற்செயலா என்று கேட்கத் தோன்றுகிறது.

பேரரசைப் பற்றிய பகுதியோ இதனினும் கவலைக்குரியது. பேரரசு கலைந்து காமன்வெல்த்தாக மாறியது பெரும்பாலும் ஒழுங்காகவே நிகழ்ந்தது என்னும் கருத்தை அது முன்வைத்தது. 1947இல் இந்தியா பிரிக்கப்பட்டபோது சிந்திய குருதியும், கென்யாவில் 1952 முதல் நடந்த அடக்குமுறையும் அக்கருத்துக்கு மாறானவை. மலாயாவில் 1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். அடிமை முறை பிரித்தானிய மண்ணில் சட்டத்திற்கு மாறானது என்ற கூற்றும் ஏற்கத்தக்கதன்று; அம்மண்ணிலேயே மனிதர் உடைமைகளாக வைக்கப்பட்டிருந்தனர். இவற்றைச் சுட்டி 2020 ஜூலையில் வரலாற்றாசிரியர் பலர் கூட்டாகக் கடிதம் எழுதினர். 2022இல் பிரபுக்கள் சபைக் குழுவொன்றும் கையேட்டைத் திருத்துமாறு வலியுறுத்திற்று.

வரலாற்றில் கருத்து வேறுபாடு இயல்பே. வகுப்பறையில் மாணவன் மறுத்துரைக்கலாம், ஆசிரியரும் செவிசாய்க்கலாம். கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் கணினித் தேர்வில் அதற்கு இடமில்லை. கென்யாவில் பிறந்த விண்ணப்பதாரர் தம் பாட்டனார் கூறக் கேட்டதை ஒதுக்கிவைத்து, நூல் சொன்ன விடையைத் தெரிந்தெடுத்து, அடுத்த வினாவுக்குச் செல்கிறார்.