பெயர் மாறும் பாக்டீரியா: ஒரு திறனாய்வு

இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று வகுப்பில் பிரித்துக் கற்பிக்கிறோம். மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணுயிர்களுக்கு வைக்கும் பெயர்களையும் அதே அளவுகோலால் பார்க்கலாமே!

நம்ம கெடாவுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு மெலியோய்டோசிஸ். வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வருவது. நீரிழிவு உள்ளவர்களை அதிகம் தாக்கும். அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை 145 பேருக்கு இந்நோய் உறுதியானது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்ததாக 2010-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

1912-இல் ரங்கூனில் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும் இந்நோயை முதலில் விவரித்தார்கள். பாக்டீரியாவுக்கு முதலில் பேசில்லஸ் சூடோமல்லியை என்று பெயர். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயின் பாக்டீரியா 'மல்லியை'. 'சூடோ' என்றால் போலி. ஆக, இது காரணப்பெயர்தான். பின்னர் அதைச் சூடோமோனாஸ் பேரினத்தில் சேர்த்தார்கள். 1992-இல் பர்க்கோல்டேரியா என்ற புதிய பேரினத்துக்கு மாற்றினார்கள்.

இந்த மாற்றம் சரியா? சரிதான். மரபணுச் சான்று வேறு உறவைக் காட்டும்போது, பழைய பெயரைப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பெயரே தவறான தகவல் ஆகிவிடும். ஆனால், இரண்டு குறைகள் உண்டு.

முதலாவது, பர்க்கோல்டர் அமெரிக்கத் தாவர நோயியலாளர். புதிய பெயர் அவரை நினைவூட்டுகிறது. நோயைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 'விட்மோர் நோய்' என்ற வழக்கிலும் கிருஷ்ணசாமிக்கு இடமில்லை.

இரண்டாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. சூடோமோனாஸ் என்று படித்த மருத்துவரிடம் பர்க்கோல்டேரியா என்று மட்டும் எழுதிய அறிக்கை போனால், சட்டென்று பிடிபடாமல் போகலாம். வழக்கமாகக் கொடுக்கும் பல மருந்துகளுக்கு இந்தப் பாக்டீரியா அடங்காது. செஃப்டாசிடிம் போன்ற மருந்தை உடனே தொடங்க வேண்டும். ஆகவே, புதுப் பெயரோடு பழைய பெயரையும் சில ஆண்டுகள் சேர்த்து எழுதுவதே பொறுப்பான வழக்கம்.

மாணவர்களே, தோட்டத்தில் இருக்கும் குடும்பத்துக்குப் பேரினம் முக்கியமில்லை, "என்ன நோய், டாக்டர்?" என்றுதான் கேட்பார்கள். கோலாலம்பூரில் ஆய்வு செய்த ஸ்டான்டனும் ஃப்ளெட்சரும் 1921-இல் சூட்டிய மெலியோய்டோசிஸ் என்ற நோய்ப்பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. கட்டுரையில் அந்தப் பெயரை முதலில் எழுதுங்கள். பாக்டீரியாவின் இன்றைய பெயரையும் பழைய பெயரையும் ஒருமுறை சேர்த்துக் குறிப்பிடுங்கள். வெறுமனே 'கிருமி' என்று எழுதி விட்டுவிடாதீர்கள். வைரஸும் பூஞ்சையும்கூட அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும்.