சிரிப்பும் வர்க்க முரண்பாடும்: ‘பரசைற்’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

தென்கொரிய நெறியாளர் போங் ஜூன்-ஹோவின் ‘பரசைற்’ 2019ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதினையும், 2020இல் சிறந்த திரைப்படத்துக்குரியது உட்பட நான்கு ஒஸ்கார் விருதுகளையும் பெற்றது. ஆயின், விருதுகள் மட்டும் ஒரு படத்தைப் பார்க்கத்தக்கதாக்கிவிடா. வறியோரை வஞ்சகராகவும் ஒருவரையொருவர் அழிப்போராகவும் சித்திரிக்கும் படைப்பு எவ்வர்க்கத்துக்குத் துணைபோகின்றது என்ற வினா முற்போக்கு நோக்குடையோரிடம் எழுதல் இயல்பே. ‘ஒட்டுண்ணி’ எனப் பொருள்படும் தலைப்பும் இவ்வையத்தை வலுப்படுத்தக்கூடும். இவ்வினாவுக்கான விடையிலேயே படத்தின் பெறுமதி தங்கியுள்ளது என்பது எமது கருத்து.

சியோல் நகரின் அரை நிலவறை வீடொன்றில் வாழும் கிம் குடும்பத்தினர் நால்வரும், பீட்சாப் பெட்டிகளை மடித்துக் கொடுத்துச் சீவிப்பவர்கள். போலிச் சான்றிதழுடன் செல்வந்தர் பார்க்கின் இல்லத்தில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்கிறான் மகன். ஏனைய மூவரும் உறவுமுறையை மறைத்து ஒவ்வொருவராக அங்கு நுழைகின்றனர். பீச் பழ ஒவ்வாமையைப் பயன்படுத்திப் பழைய பணிப்பெண்ணைக் காசநோயாளியெனக் காட்டி வெளியேற்றும் காட்சியில் நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம். பின்னர், அப்பெண்ணின் கணவன் கடன்காரருக்கு அஞ்சி அவ்வீட்டின் இரகசிய நிலவறையில் நான்கு ஆண்டுகளாக ஒளிந்து வாழ்வது தெரியவரும்போது, நமது சிரிப்பே நம்மைக் குற்றவாளியாக்குகின்றது. இங்கு நகைச்சுவை வெறும் அலங்காரமன்று. வறியவனை வறியவன் வீழ்த்துவதை இயல்பென ஏற்கும் மனப்பாங்கு நம்மிடமும் உண்டென்பதை அது அம்பலப்படுத்துகின்றது.

அம்மனப்பாங்கு தனிமனிதரின் தீக்குணத்திலிருந்து பிறந்ததன்று. காவலாளி வேலையொன்றுக்குப் பட்டதாரிகள் 500 பேர் முண்டியடிக்கும் காலமிது என்கிறார் கிம் குடும்பத் தந்தை. அவரும் நிலவறை மனிதனும் தைவான் கேக் வியாபாரத்தில் நொடித்துப்போனவர்கள். ஒரே பொருளாதார விதியால் வீழ்த்தப்பட்ட இருவரும் ஒருவரையொருவர் பகைக்கின்றனர். நிலவறை மனிதனோ முதலாளியின் படத்தை நன்றியுடன் வணங்குகின்றான். சுரண்டப்படுவோரின் நனவில் ஆளும் வர்க்கக் கருத்தியல் எங்ஙனம் செயற்படுகின்றது என்பதை இதனினும் சுருக்கமாகக் காட்டுதல் அரிது. சமைப்பதற்கும் வண்டியோட்டுவதற்கும் பிறர் உழைப்பையே நம்பி வாழும் பார்க் குடும்பத்தை நோக்குமிடத்து, ஒட்டுண்ணி யார் என்ற வினா தலைகீழாகின்றது.

படத்தின் யதார்த்தம் அதன் பௌதிகச் சூழலில் வேரூன்றியுள்ளது. 1970இல் திருத்தப்பட்ட கட்டடச் சட்டம், யுத்தகாலப் பாதுகாப்புக்கென நிலவறைகள் அமைக்க வகைசெய்தது. வீட்டுப் பற்றாக்குறை காரணமாகப் பின்னர் அவை வறியோரின் வாடகை இல்லங்களாயின. படத்தில் ஒரே மழை, மேட்டிலுள்ளோரின் சுற்றுலாவைக் கெடுக்கின்றது. பள்ளத்திலுள்ளோரின் வீட்டைக் கழிவுநீரில் மூழ்கடிக்கின்றது. 2022 ஓகஸ்ட் வெள்ளத்தில், சியோலின் இத்தகைய வீடொன்றில் ஒரே குடும்பத்தினர் மூவர் உயிரிழந்தமை, கலைஞனின் பார்வை கற்பனை மிகையன்று என்பதற்குச் சான்றாகும்.

குறைபாடும் இல்லாமலில்லை. 1987இல் மாபெரும் தொழிலாளர் போராட்டங்களைக் கண்ட நாட்டின் படைப்பில் கூட்டுச் செயற்பாட்டின் நிழல்தானும் இல்லை. நிலவறை மனிதனின் நாற்றத்தைச் சகியாது முதலாளி மூக்கைப் பொத்தும் கணத்தில் தந்தையின் கத்தி பாய்கின்றது. அது கோபமேயன்றிப் போராட்டமன்று. தந்தை அதே நிலவறையில் தஞ்சமடைய, பணம் சம்பாதித்து அவ்வீட்டை விலைக்கு வாங்கி அவரை மீட்கக் கனவு காண்கிறான் மகன். ஆயின், படக்கருவி மீண்டும் அரை நிலவறைக்கே இறங்கிவந்து நிற்கின்றது. விடுதலையைக்கூட விலைகொடுத்து வாங்கும் பொருளாகவே எண்ணப் பழக்கிய சமூக அமைப்பின்மீதான தீர்ப்பு அது. படம் வழியைக் காட்டவில்லை; ஆனால், பொய்யான வழியொன்றை அடைத்துவிடுகின்றது. முற்போக்கு வாசகர் இதனைப் பார்த்து விவாதிக்க வேண்டியது இக்காரணத்தினாலேயே.