வதந்தியும் அதன் ஆசிரியர்களும்

வதந்தி பாமர மக்களின் அறியாமையிற் பிறப்பது என்று கூறி ஒதுங்கிக்கொள்வது நமது படித்த வர்க்கத்தாரின் நெடுநாள் வழக்கம். வாட்ஸ்அப் குழுக்கள் பெருகிவிட்ட இக்காலத்திலும் அவ்வழக்கம் மாறவில்லை. அக்கூற்று எத்துணை அரைகுறையானது என்பதற்கு 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் நிகழ்ந்ததே சான்றாகும்.

முஸ்லிம் ஒருவரின் உணவகத்திலே கறியிற் கிடந்த மாக்கட்டியைச் சிலர் மலட்டு மாத்திரை என்றனர். மிரட்டப்பட்டவர் தலையசைத்த காட்சி படமாகிப் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த மாதம் திகனவிலும் வன்செயல் மூண்டபோது, அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றைச் சில நாள் முடக்கிற்று. அம்பாறையிற் கிடந்தது வெறும் மாவே என்பது அரச பகுப்பாய்விலே பின்னர் உறுதியாயிற்று.

இக்கதையின் ஆசிரியர் யார்? புனைந்தவனுக்கு நோக்கம் உண்டு. அவனைப்பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவனது சரக்கு விலைபோவதற்கு, பெரும்பான்மையினரின் தொகை குன்றிவிடும் என்ற அச்சம் மேடைகளிலே முன்னரே விதைக்கப்பட்டிருந்தது. நாம் கவனிக்க வேண்டியவர்கள் ஏனையோரே. "எதற்கும் அறிந்து வைத்திருங்கள்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பும் தாய்க்குத் தீய எண்ணம் இல்லை. ஆனால் கதையிலும் அவ்வொரு வரியே வலியது. ஊரார் மதிக்கும் ஆசிரியரோ வைத்தியரோ அனுப்பிவிட்டாலோ, கேள்விக்கே இடமில்லை.

1958ஆம் ஆண்டுக் கலவரத்தில், பாணந்துறை ஆசிரியை ஒருத்தி மட்டக்களப்பிலே கொடூரமாகக் கொல்லப்பட்டாள் என்ற கதை பரவிற்று. அப்படியொருத்தி அங்கு இருந்ததேயில்லை. அன்று அது வாய்வழி சென்றது, சொன்னவனை மறித்து, "யாரிடம் கேட்டாய்?" என்று வினவ வழியிருந்தது. இன்று புனைந்தவன் முகம் மறைய, அனுப்பியவரின் நன்மதிப்பே கதைக்குச் சான்றாகி நிற்கிறது. வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவியலாதவாறு 2019இல் உலகெங்கும் தடுத்தது. பன்முறை கைமாறிய செய்திக்கு 2020இல் அதனை ஒன்றாகக் குறைத்தது. வேகம் தணியலாம், ஆசிரியர் கொடுத்த நற்சான்று தணியுமா?

இனி, பொய்யென அறிந்தும் வாளாவிருப்போர். நம்மிற் பெரும்பாலோர் இவ்வினத்தவரே. பழைய மாணவர் குழுவிலே மூத்தவர் ஒருவர் பொய்யைப் பகிர்ந்தால், அவர் மனம் நோகாதிருக்கத் திருத்தத்தைத் தனியே அவருக்கு மட்டும் அனுப்புகிறோம். அவரும் நன்றி கூறுகிறார். பொய்யோ குழுவிலே கிடக்கிறது. ஏனையோர் அதனை வாசித்துக்கொண்டிருக்கின்றனர்.